ஹாரன் கேட்டால் அப்பளம்

எங்கள் கடையில் அப்பளத்தை முன்கூட்டிப் பொரித்து வைக்கக் கூடாது. இது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். மற்றச் சட்டங்களை எல்லாம் அவரே அவ்வப்போது மீறியிருக்கிறார். கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகமானால் ரசத்தில் இன்னொரு செம்பு வெந்நீர் போகும். கூட்டுக்குப் பூசணிக்காய் பற்றாவிட்டால் கடலைப்பருப்பு கூடிக்கொள்ளும். அப்பளத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். நமத்துப்போன அப்பளத்தை ஒருவன் இலையில் வைத்துவிட்டால் சாப்பிட்டவன் அந்தக் கடையைப் பற்றி வேறு எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டான் என்பார். இதைச் சொல்லும்போது ஏதோ வேதம் ஓதுகிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொள்வார்.

கடை ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் இருந்தது. ஊர் முடிகிற இடத்தில் ஒரு பஞ்சாலையின் மதிலை ஒட்டி ரோடு வளையும். வளைந்ததும் நாங்கள். மதுரையிலிருந்து குற்றாலம் போகிற டூரிஸ்ட் பஸ் அத்தனையும் அந்த வளைவு வழியாகத்தான் வரவேண்டும். எங்களுக்கு ஆண்டு முழுக்க வியாபாரம் கிடையாது. மேற்கே சாரல் விழுகிற ஆனியில் தொடங்கி ஆவணிவரைதான். அந்தச் சம்பாத்தியத்தைத்தான் பிறகு மாசியில், பங்குனியில் கிள்ளிக் கிள்ளிச் சாப்பிடுவோம். எங்கள் வரிசையில் எல்லாருக்கும் அதே பிழைப்புதான். பக்கத்தில் ஒரு துண்டுக் கடை, அருவியில் குளிக்கிறவர்களுக்குத் துண்டு, எண்ணெய், சீயக்காய், அரை டவுசர் விற்பார்கள். அதற்கடுத்து ஒரு பால்கோவாக் கடை. எங்கள் தலைக்கு மேலே மாடியில் ஒரு லாட்ஜ்.

வளைவுக்கு முன்னால் டிரைவர் விட்டு விட்டு மூன்று தடவை ஹாரன் அடித்தால் பஸ் நிறைய ஆள், சாப்பாடு வேண்டும் என்று அர்த்தம். நீளமாக ஒரே தடவை அடித்தால் காப்பி மட்டும். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கல்யாணமாகி வந்தபோதே இருந்தது. மூன்று ஹாரன் விழுந்ததும் அப்பளம் எண்ணெயில் விழவேண்டும். பஸ் ஓரங்கட்டி, பெரியவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கை கழுவி, இலைக்கு முன்னால் உட்காருவதற்கும் நான் கடைசி அப்பளத்தை வடித்து எடுப்பதற்கும் சரியாக இருக்கும். அப்பளச் சட்டி என் பொறுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் பிறந்து, கோவில் மணிக்கு எழுந்து கோவில் மணிக்குப் படுத்தவளை இங்கே கொண்டுவந்து ஹாரனுக்கு எழுந்திருக்க வைத்தார்கள். பழகிவிட்டது. தூக்கத்தில்கூட எங்கோ லாரி ஹாரன் கேட்டால் என் வலது கை அசையும் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

உள்ளே, மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு மேசை இருந்தது. அது டிரைவர் மேசை. பஸ் கொண்டுவருகிற டிரைவருக்கும் கிளீனருக்கும் அங்கே சாப்பாடு, காசு கிடையாது. நெய் ஒரு கரண்டி கூடுதல், வடை கேட்காமலே இரண்டாவது. ரோட்டோரச் சாப்பாட்டுக் கடைகள் எல்லாமே இப்படித்தான் நடந்தன. டிரைவரின் வயிறு நிறைந்தால் நம் கடை நிறையும். எவ்வளவு நெரிசலிலும், நின்றுகொண்டு காத்திருக்கிறவர்கள் முறைத்தாலும், அந்த மேசையில் வேறு யாரையும் உட்காரவிட மாட்டார் வீட்டுக்காரர்.

அங்கே அதிகம் உட்கார்ந்தவர் ஒரு சேத்தூர்க்காரர். மதுரையில் ஒரு டிராவல்ஸில் பஸ் ஓட்டினார். சாரல் காலத்தில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது அவர் ஹாரன் கேட்கும். அவர் அடிப்பது தனியாகத் தெரியும். கடைசி ஹாரனைக் கொஞ்சம் இழுப்பார். ஒரு வடையை எப்போதும் தாளில் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார், வீட்டில் ஒரு பெண் குழந்தை என்று. என்னை மதினி என்பார், வீட்டுக்காரரை அண்ணாச்சி என்பார். எண்பதுகள் முழுக்க இப்படித்தான் போயிற்று. ஓய்ச்சல் இல்லை, இடுப்பு ஒடிந்தது, என்றைக்கடா ஆவணி முடியும் என்று நான் சலித்துக்கொண்டதுண்டு. சலித்துக்கொள்ளவும் ஒரு கொடுப்பினை வேண்டும் என்று அப்போது தெரியாது.

தொண்ணூறுகளில் முதலில் சாரல் ஏமாற்றியது. ஆனி வந்தது, காற்று வந்தது, மலை மேல் மேகம் வந்து உட்கார்ந்து எழுந்து போயிற்று. அருவியில் பாறைதான் இருக்கிறது என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். அடுத்த வருஷமும் அப்படியே. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்களுக்கு ஆனிக் காற்றிலேயே இலைக்கட்டு காய்ந்து பறந்தது. ஆனாலும் மழையை நம்பிப் பிழைக்கிறவனுக்கு ஒரு வருஷம் இல்லாவிட்டால் ஒரு வருஷம் என்று ஒரு நினைப்பு இருக்கும். அந்த நினைப்பை உடைத்தது மழை இல்லை, கல்.

அந்த நாட்களில் இந்தப் பக்கத்து ஊர்களில் வெட்டும் குத்துமாக இருந்தது. எந்த ஊர், யார் ஆட்கள் என்று ஒரு பெயரைச் சொன்னாலே ஒரு பக்கம் சேர்ந்ததாகிவிடும் என்பதால் நாங்கள் யாரும் பெயர் சொல்லாமல் பேசப் பழகியிருந்தோம். ஒரு சாயங்காலம் சேத்தூர்க்காரரின் பஸ் தெற்கேயிருந்து திரும்பி வந்தது. ஹாரன் இல்லை. முன்கண்ணாடியும் இல்லை. பெண்களும் பிள்ளைகளுமாக இறங்கினார்கள். துண்டுக் கடைக்காரர் புதுத் துண்டுகளை உதறி எடுத்துவந்து கொடுக்க, ஒரு தாய் தன் மகளின் தலையிலிருந்து கண்ணாடித் துகளைத் தட்டித் தட்டி எடுத்தாள். யாருக்கும் பெரிய காயம் இல்லை. யாரும் சாப்பிடவும் இல்லை. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வேறு பஸ் பிடித்து மதுரைக்குப் போய்விட்டார்கள். டிரைவர் மட்டும் தன் மேசையில் செத்த நேரம் உட்கார்ந்திருந்தார், கையை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு டூரிஸ்ட் பஸ் வரவில்லை. திருநெல்வேலி வழியாகச் சுற்றிப் போகிறார்கள் என்றார்கள். குற்றாலமே வேண்டாம் என்று கொடைக்கானலுக்குப் போகிறார்கள் என்றும் சொன்னார்கள். எங்கே போனால் என்ன, எங்கள் வளைவில் வரவில்லை.

முதலில் போனது பால்கோவாக் கடை. பால் காத்திருக்காது. அவர் என் ஊர்க்காரர். கடையை மூடுகிறேன் என்று சொல்லவில்லை. எங்கள் வரிசையில் யாருமே அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. "ஊருக்குப் போயிட்டு வாரேன் மதினி" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் அங்கிருந்து அரை மணி நேரப் பஸ். அரை மணி நேரத்து ஊருக்குப் போய்விட்டு வர யாராவது அடுப்பைப் பெயர்த்து வண்டியில் ஏற்றுவார்களா? நானும் தெரியாதவள் மாதிரி, போயிட்டு வாங்க என்று சொன்னேன்.

பிறகு லாட்ஜ். ஒரு நாள் மெத்தைகளை எல்லாம் வெயிலில் காயப் போட்டார்கள். காய்ந்த மெத்தைகள் மாடிக்குத் திரும்பப் போகவில்லை. அறைகளை ஒரு மில்லுக்கு நூல் மூட்டை அடுக்க விட்டுவிட்டார்கள். அதுவரை தலைக்கு மேலே பிள்ளைகள் ஓடுகிற சத்தமும் பக்கெட் உருளுகிற சத்தமும் கேட்கும். இனி மூட்டை இழுக்கிற சத்தம்.

துண்டுக் கடைக்காரர் கொஞ்சம் தாக்குப் பிடித்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களோடு தமிழில் சிரித்துப் பேசிவிட்டு, திரும்பி நின்று தெலுங்கில் தனக்குத்தானே திட்டிக்கொள்வார். கடைசியில் சரக்கைத் திருப்பி எடுக்க ஆள் கிடைக்காமல், தெரு முழுக்க ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு அவரும் ஊருக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னார். சொந்த ஊரே ராஜபாளையம்தான் அவருக்கு. அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் சைக்கிள் கடைக்காரர், தபால்காரர், மாங்காய் விற்கிறவர் எல்லார் தோளிலும் ஒரே மாதிரிக் குற்றாலத் துண்டு. குற்றாலம் போனவர் ஒருவரும் இல்லை.

மிச்சம் இருந்தது நாங்கள். எங்கள் சமையல் மாஸ்டர் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போய்விட்டார். வீட்டுக்காரரும் நானுமாக ஒரு சின்னக் குண்டானில் சோறு வடித்தோம். மில்லில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், சைக்கிளில் போகிற வியாபாரிகள் என்று சில பேர் வருவார்கள். அவர்களில் ஒருவர் விசிறிக்குக் கீழே காற்றாக இருக்கிறதே என்று டிரைவர் மேசையில் உட்காரப் போனால், "அது வேண்டாம், இங்கிட்டு வாங்க" என்று வீட்டுக்காரர் எழுப்பி விடுவார். தினமும் காலையில் அந்த மேசையைத்தான் முதலில் துடைப்பார். அதன்மேல் ஒரு கூஜாவில் தண்ணீர் நிறைத்து வைப்பார். சாயங்காலம் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு பேர் சாப்பிடுகிற கடையில் ஒரு மேசைக்குக் காவல் வேறு.

என் அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில் பக்கத்து ஒரு கல்லூரி விடுதிக்குக் காய்கறி போட்டுக்கொண்டிருந்தான். ஒரு வைகாசியில் வந்து உட்கார்ந்தான். விடுதிச் சமையல்கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேடுகிறார்கள், அனுபவம் உள்ளவர் வேண்டும், கல்லூரி திறக்கிற ஆனியில் சேர்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றான். தங்கவும் இடம் உண்டு. "மச்சான், அங்க பசிச்ச பயலுக தானா வருவானுக. யாரும் ஹாரன் அடிக்க வேண்டாம்" என்றான். வீட்டுக்காரர் அவனுக்கு மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, இந்தச் சாரலைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

அவன் போனதும் நான் கத்தினேன். பல வருஷமாக இதே பேச்சு. இந்தச் சாரல், அடுத்த சாரல். எனக்கு உடம்பும் ஓய்ந்துவிட்டது, மனசும் விட்டுப் போயிற்று. அத்தைக்கு மீசை முளைக்கட்டும் என்று காத்திருக்கிற குடும்பம் ஆகிவிட்டோம் நாம். சாரல் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறதா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். டிரைவர் மேசையில் போய்ச் சாய்ந்து நின்றுகொண்டு, "இங்கன நின்னு நாலு ஊர்க்காரங்கள வாங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டேன்ட்டி. அங்க போய் நான் யாரக் கூப்பிட?" என்றார். அதைக் கேட்டும் என் கோபம் போகவில்லை. திங்கட்கிழமை காலை அந்த விடுதிக்கு நேரில் வந்து சொல்லவேண்டும் என்று அண்ணன் மறுபடி ஆள் அனுப்பினான்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை மேற்கே மலை தெரியவில்லை. காலையிலிருந்தே காற்று. வாசலில் நின்றால் முகத்தில் ஊசி ஊசியாகத் தூறல். அருவியில் தண்ணீர் கொட்டுகிறதாம் என்று பேப்பரில் போட்டிருந்தது. வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமையே இலைக்கட்டு வாங்கி வந்துவிட்டார். மாஸ்டரை ஒரு நாளைக்கு மட்டும் வரச்சொல்லிக் கூட்டி வந்தார். பெரிய குண்டான் அடுப்பேறியது. சாம்பார், அவியல், ரசம், பாயசம். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு ஆசை வந்துவிட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எண்ணெய்ச் சட்டியை வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு யாரும் வரவில்லை. ஒரு மணிக்கு இரண்டு கார்கள் நிற்காமல் போயின. மாஸ்டர் வாசல்படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். மில்லில் ஷிப்ட் சங்கு ஊதி ஓய்ந்தது. அதன் பிறகு கேட்டது. விட்டு விட்டு மூன்று ஹாரன். கடைசியைக் கொஞ்சம் இழுத்து.

என் கை என்னைக் கேட்கவில்லை. அப்பளம் எண்ணெயில் விழுந்து பூத்துவிட்டது. உள்ளே வீட்டுக்காரரும் மாஸ்டரும் இலை போடுகிற சத்தம், தண்ணீர் தெளிக்கிற சத்தம். வீட்டுக்காரர் பிறகு ரோட்டுக்கு ஓடினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரோட்டு ஓரத்தில் நின்று, அந்தக் காலத்தில் செய்கிற மாதிரியே, கையை நீட்டி பஸ்ஸை ஓரங்கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது மில் பஸ். காலை ஷிப்ட் முடிந்த பெண்களைத் தெற்கே அவர்கள் ஊர்களில் இறக்கிவிடப் போகிற பஸ். ஜன்னல் நிறைய இளம் முகங்கள், தலைமுடியில் பஞ்சு. ஓட்டி வந்தவர் சேத்தூர்க்காரர். டிராவல்ஸில் வேலை இல்லாமல் ஆகி மில்லில் சேர்ந்திருக்கிறார். அன்றைக்குத்தான் இந்த ரூட்டில் போட்டிருக்கிறார்கள். கடையைத் தாண்டுகிறோமே என்று ஒரு கும்பிடு மாதிரி ஹாரன் அடித்திருக்கிறார். சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். வாசலில் ஏறியதும் உள்ளே வரிசையாகப் போட்டிருந்த இலைகளைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"கையி அதுபாட்டுக்கு அடிச்சிருச்சு அண்ணாச்சி" என்றார்.

வீட்டுக்காரர் ஒன்றும் நடக்காதது போல, அதனாலென்ன, பிள்ளைகளை இறங்கச் சொல், சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றார். பெண்கள் இறங்கவில்லை. காசு கொண்டுவரவில்லை என்றாள் ஒருத்தி. காசு வேண்டாம் என்று இவர் சொன்னார். சும்மா எப்படிச் சாப்பிடுவது, வீட்டில் சோறு இருக்கும் என்று இன்னொருத்தி மெதுவாகச் சொன்னாள். மற்றவர்கள் கீழே பார்த்துக்கொண்டார்கள். அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. டிரைவரிடம் திரும்பி, நீயாவது உட்கார் என்றார்.

டிரைவர் உள்ளே வந்தார். விசிறிக்குக் கீழே துடைத்து வைத்திருந்த மேசையைத் தாண்டிப் போய், ஆட்களுக்குப் போட்டிருந்த வரிசையில் முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"அங்க ஏன் உக்காருத, ஒன் மேசை இந்தா கெடக்கு" என்றார் வீட்டுக்காரர்.

டிரைவர் இலையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஆள் கொண்டாந்தாத்தான அண்ணாச்சி அந்த மேசை."

வீட்டுக்காரர் சோற்றுக் கரண்டியோடு நின்றார். பிறகு குனிந்து அவருக்குச் சோறு வைத்தார். நெய் ஊற்றினார். நான் அப்பளம் கொண்டுபோய் வைத்தேன். பஸ்ஸில் பெண்கள் காத்திருந்ததால் டிரைவர் அவசரமாகச் சாப்பிட்டார். அப்பளத்தை நொறுக்குகிற சத்தம் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது.

பொரித்த அப்பளத்தை என்ன செய்வது? கூடையோடு எடுத்துப்போய் ஜன்னல் ஜன்னலாக நீட்டினேன். சோற்றுக்கு இறங்காதவர்கள் அப்பளத்துக்குக் கை நீட்டினார்கள். அப்பளத்தை யாரும் ஒரு சாப்பாடு என்று நினைப்பதில்லை போல. பசியில் வந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே சமயத்தில் கடித்தார்கள், சிரித்தார்கள். என்னால் அந்தச் சிரிப்பில் சேர முடியவில்லை. டிரைவர் கை கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று, "இனிமே இந்த வளைவுல அடிக்க மாட்டேன் மதினி" என்றார். ஏறிப் போய்விட்டார்.

மிச்சச் சோற்றை மாஸ்டர் கொஞ்சம் கொண்டுபோனார், துண்டுக் கடைக்காரர் வீட்டுக்குக் கொஞ்சம் போனது. சாயங்காலம் வீட்டுக்காரர் டிரைவர் மேசையில் இருந்த கூஜாத் தண்ணீரை எடுத்துச் செடிக்கு ஊற்றினார். கூஜாவைத் திரும்ப மேசைமேல் வைக்காமல் உள்ளே கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "திங்கக்கெழம எத்தன மணிக்கு வரச் சொன்னான் ஒங்கண்ணன்?" என்று கேட்டார். காலையில் ஏழு மணிக்கு என்றேன். எத்தனை வருஷமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். கேட்டதும் சந்தோஷப்படத் தெரியவில்லை, கூஜாவைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வேலையில் சேர்ந்து முதல் லீவு கிடைத்த நாளில் ஒரு சின்ன லாரி பிடித்துக் கடையைக் காலி செய்தோம். குண்டான், அண்டா, பெஞ்சு. டிரைவர் மேசையைச் சைக்கிள் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். அப்பளச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இதை விடுதிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். தேவைப்படாது, அங்கே காலையிலேயே மொத்தமாகப் பொரித்து டின்னில் போட்டுவிடுகிறார்கள் என்றார். நமத்துப் போகாதா என்றேன். போகும் என்றார்.

அப்போது மில்லில் சங்கு ஊதியது. இரண்டு பேரும் வளைவைப் பார்த்து நின்றோம். பஸ் வந்தது. ஹாரன் இல்லை. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் பஸ்ஸைக் கடைசி நிமிஷத்தில் பார்த்து ரோட்டை விட்டு மண்ணில் இறங்கினார். சேத்தூர்க்காரர் எங்களைப் பார்த்து ஒரு கையை மட்டும் தூக்கினார், போய்விட்டார்.

"அடிச்சிருக்கலாம்" என்றார் வீட்டுக்காரர்.

லாரியில் ஏறி உட்கார்ந்த பிறகும், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிகிறவரைக்கும் அவர் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். வளைவில் ஹாரன் அடிக்காமல் போவது தப்பு, எதிரே ஆள் வந்தால் என்ன ஆகும், இத்தனை வருஷம் ஓட்டினவனுக்கு இது தெரியாதா என்று. நான் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.